கேமரா நீதிபதிக்கு மட்டும்தானா?

2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். கலெக்டரையும் எஸ்.பி.யையும் பார்க்கத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறும் வேலை அத்தோடு ஒழிந்தது. சிறைவாசியின் குடும்பத்துக்கு மட்டும் அந்தப் பயணம் ஒழியவில்லை. தென்காசியில் இருப்பது கிளைச் சிறை. தண்டனை பெற்றவர்களும் குண்டர் சட்டத்தில் அடைக்கப்படுபவர்களும் பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்குத்தான் போகிறார்கள். அவர்களை ‘மனு பார்க்க’ வேண்டுமானால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம்; செங்கோட்டை, கடையநல்லூர்க்காரர்களுக்கு இன்னும் கூடுதல். விடிவதற்குள் கிளம்பி, ஆதார் அட்டையைக் காட்டி, மனு எழுதிக் கொடுத்து, பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்து, கம்பி வலைக்கோ கண்ணாடிக்கோ இந்தப் பக்கம் நின்று சில நிமிடம் பேசிவிட்டுத் திரும்பினால் அன்றைய பொழுது முடிந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் கீழப்பாவூர்ப் பெண்ணுக்கு அது ஒருநாள் வருமானம். குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறவருக்கும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான ஒவ்வொரு பகலும் வருடத்தின் மிச்ச மாதங்களுக்கான சேமிப்பு. நீதிமன்றம் இவர்கள் யாருக்கும் தண்டனை விதிக்கவில்லை. ஆனாலும் தண்டனையில் ஒரு பங்கை இவர்கள்தான் கட்டுகிறார்கள்.

முன்பு இதற்கு ஒரு மாற்று இருந்தது. காவல் நீட்டிப்புக்காகக் கைதியைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருவார்கள். வாய்தா தேதி தெரிந்தால் போதும்; வீட்டார் வராந்தாவில் காத்திருந்து, காவலுக்கு வந்த போலீஸ்காரர் மனம் வைத்தால் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், நாலு வார்த்தை, பிள்ளையின் தலையில் ஒரு தடவல். சட்டம் தந்த உரிமையல்ல அது. ஆனாலும் பல குடும்பங்களுக்கு அதுவே பெரிய ஆறுதல். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமும், அதற்குப் பின் கொரோனா காலமும் காவல் நீட்டிப்பைக் காணொலிக்கு மாற்றிவிட்டன. எஸ்கார்ட் போலீசும் வேனும் டீசலும் அரசுக்கு மிச்சம். வழியில் தப்பி ஓடுவார், தாக்கப்படுவார் என்ற கவலையும் இல்லை. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிக்கனத்தில் குடும்பம் இழந்ததை யாரும் கணக்கில் எழுதவில்லை. கைதியை நீதிபதியின் முன் நிறுத்த முடிகிற கேமரா, அவருடைய தாயின் முன்னும் நிறுத்தலாம் என்பதே என் வாதம்.

குடும்பத்தைச் சந்திப்பது சிறை அதிகாரி தரும் சலுகை அல்ல என்பது 1981-லேயே தீர்ந்துபோன விஷயம். திகார் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த பிரான்சிஸ் கோரலி முல்லின் என்ற பிரிட்டிஷ் பெண், தன் ஐந்து வயது மகளை மாதம் ஒருமுறை மட்டுமே பார்க்கலாம் என்ற விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதி பி.என். பகவதி அடங்கிய அமர்வு அந்த விதியைச் செல்லாது என்றது. குடும்பத்தையும் நண்பர்களையும் சந்திப்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், கைதியை இயன்றவரை வீட்டுக்கு அருகில் உள்ள சிறையில் வைக்கச் சொல்கின்றன; வேறு சிறைக்கு மாற்றினால் உடனே வீட்டுக்குத் தெரிவிக்கும் உரிமையையும் அவருக்குத் தருகின்றன.

குற்றவாளிக்கு எதற்கு இந்தச் சொகுசு, பாதிக்கப்பட்டவன் குடும்பத்தை யார் பார்ப்பது என்று கேட்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இங்கே அது ஆள்மாறிப் போய் விழுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவே இல்லை. தண்டனை பெற்றவர்களும் ஒருநாள் ஊருக்குத்தான் திரும்புகிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலச் சிறைத் துறை, 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,420 பேரை ஆராய்ந்தது. சிறையில் ஒருமுறையாவது பார்வையாளர் வந்திருந்தால், மீண்டும் பெருங்குற்றத்தில் தண்டனை பெறும் அபாயம் 13 சதவீதம் குறைந்திருந்தது. நல்ல குடும்பம் உள்ளவன் எப்படியும் திருந்தியிருப்பான் என்று வாதிடலாம். வயது, பழைய வழக்குகள் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் நின்ற வித்தியாசம் இது.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. சாதிப் பகையும் பழிக்குப்பழியும் உள்ள தென்மாவட்டங்களில், உள்ளே இருந்தபடியே வெளியே ஆளை ஏவுவார்கள் என்று போலீஸ் அஞ்சுவதில் காரணம் உண்டு. ஆனால் அப்படி ஏவுகிறவர் கடத்திக் கொண்டுவந்த செல்போனில்தான் பேசுவார். பதிவு செய்யப்பட்ட எண்ணில், அதிகாரி பார்வையில் பேச மாட்டார். முறையான வழி குறுகக் குறுகத் திருட்டு போனுக்குத்தான் விலை ஏறும். தொடர்பு அறுந்த சிறை பாதுகாப்பான சிறை என்பதற்கும் ஆதாரம் இல்லை. 2021 ஏப்ரலில் ஸ்ரீவைகுண்டம் கிளைச் சிறையிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்ட ஒரு விசாரணைக் கைதி சிறைக்குள்ளேயே அடித்துக் கொல்லப்பட்டார். நீதி கேட்டு, இரண்டு மாதத்துக்கும் மேலாக உறவினர்கள் உடலை வாங்க மறுத்தார்கள். எந்த பிளாக்கில் போட்டிருக்கிறார்கள், யாரால் ஆபத்து என்று மகன் வீட்டாரிடம் சொல்ல முடிகிற இடத்தில், அதிகாரிகளும் கொஞ்சம் விழிப்பாகத்தான் இருப்பார்கள்.

தமிழக அரசு ஒன்றும் செய்யாமல் இல்லை. கைதிகள் மூன்று நாளைக்கு ஒருமுறை, மாதம் பத்து முறை, தடவைக்கு 12 நிமிடம் வீட்டாரிடம் பேசலாம், காணொலியிலும் பேசலாம் என்று விதி தளர்ந்திருக்கிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் காணொலிக்கு வீட்டில் ஸ்மார்ட் போன் வேண்டும், சிக்னல் வேண்டும், அதை இயக்கத் தெரிந்த கை வேண்டும். பீடி சுற்றும் கிழவிக்கு இதில் எது இருக்கிறது? தென்காசி கோர்ட் வளாகத்திலோ கிளைச் சிறையிலோ ஓர் அறை, ஒரு திரை, உதவ ஓர் ஊழியர், முன்கூட்டியே நேரம் குறித்துக் கொடுக்கும் ஏற்பாடு ஆகியவை இருந்தால் போதும். நேர்ச் சந்திப்புக்கு இது மாற்று ஆகிவிடக் கூடாது. தொட முடியாத திரையைக் காட்டி மனு பார்ப்பதைக் குறைத்தால், வாய்தாவில் நடந்ததே மறுபடி நடக்கும். கைதியை வேறு சிறைக்கு மாற்றிய அன்றே அவர் கொடுத்த எண்ணுக்கு ஒரு தமிழ்க் குறுஞ்செய்தி போக வேண்டும். இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். சிறைத் துறை மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும்போது, மாவட்டத்தின் ஐந்து எம்.எல்.ஏ.க்களில் ஒருவராவது எழுந்து இதைக் கேட்கலாம்.