அலையில் எஞ்சின் நின்றால்?

நொச்சிக்குப்பத்தில் 2024-ல் திறந்த நவீன மீன் அங்காடியில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசும் மயிலாப்பூர்வாசிகள், எதிர்ப்பக்கம் மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் இவைதான் பிடித்தன. நொச்சிக்குப்பமோ, அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் குப்பமோ, துறைமுகம் கிடையாது. மணலிலிருந்து தள்ளி, அலை உடையும் இடத்தைத் தாண்ட வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் படகின் அணியம், அதாவது முன்பக்கம், அலைக்கு நேராக நிற்க வேண்டும். எஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை கவிழ்த்துவிடும்.

நீளத் தண்டு டீசல் எஞ்சின்களும் இங்கே நிறைய உண்டு. பின்பக்கம் தொங்கும் சின்ன அவுட்போர்டு மோட்டாரில்தான் பெட்ரோல் டேப் ஆளை ஏமாற்றும். பழைய டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்குத் தெரிந்த அதே மாதிரி டேப்தான். அது அடைத்திருந்தாலும் எஞ்சின் கிளம்பிவிடும். கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கியது தீர்ந்ததும், சரியாக அலை நடுவில், நின்றுபோகும். பிளக்கையும் கார்புரேட்டரையும் கழற்றிப் பார்த்துப் பாதி நாள் வீணாகும்.

மண்ணெண்ணெயில் ஓடும் வகையைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோல். தினம் இத்தனை முறை திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேயாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் படகு கரையில் சும்மா கிடந்தால் வளையம் காய்ந்து கசியும்.

டேங்க் மோட்டார் மேலேயே இருந்தால் சோதனை சுலபம். கார்புரேட்டர் பக்கத்து டியூபைக் கழற்றி ஒரு கேனில் விட்டு டேப்பைத் திறந்தால் சீராகக் கொட்ட வேண்டும். சொட்டினால், முதலில் டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பார்க்க வேண்டும். அது மூடியிருந்து புது டேப் வாங்கியவர்கள் உண்டு! மூடிய பிறகும் சொட்டுகிறதா? சந்தேகமே இல்லை, டேப்பை மாற்ற வேண்டியதுதான்.

எஞ்சின் ஆறியபின், காற்றோட்டமான இடத்தில், பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் டேங்கைக் காலி செய்ய வேண்டும். இறுகிய டியூபை இழுக்கக் கூடாது. நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதுசு போடுவது நல்லது. மரையில் பிளம்பர் டேப் சுற்றுவது பலருக்கும் பழக்கம். அதன் நூல் கார்புரேட்டரை அடைக்கும். டேப்புடன் வரும் வாஷரே போதும். பித்தளை என்று நம்பி முழு பலத்தோடு முறுக்கினால் டேங்க் விரியும்.

எண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் கசிவு பார்த்த பிறகு, மோட்டாரை நல்ல தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட விடலாம். கால் மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். பிறகு டேப்பை மூடினால் கொஞ்ச நேரத்தில் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.