எலும்பை இழந்த கட்லட்

தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டியில் வடைக்கும் றோல்ஸுக்கும் பக்கத்தில் உருண்டையாய் வீற்றிருக்கும் கட்லட்டை அறியாதார் நம் நாட்டில் இலர். மீனையும் உருளைக்கிழங்கையும் மிளகுடன் பிசைந்து, முட்டையில் தோய்த்து, பாண்தூளிற் புரட்டிப் பொரித்தெடுப்பது அது. பெயரைக் கேட்பவர், வெட்டு என்று பொருள்படும் 'கட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது என்றே எண்ணுவர். ஆங்கிலேயரும் அவ்விதம் மயங்கியே சொல்லின் உருவத்தைத் திரித்தனர்.

உண்மையில் இது பிரெஞ்சுச் சொல். அம்மொழியில் 'கோத்' என்பது விலா எலும்பு; 'கோத்லெத்' என்பது சிறு விலா எலும்பு. ஆட்டின் அல்லது கன்றின் விலாவிலிருந்து எலும்போடு அரிந்தெடுத்த இறைச்சித் துண்டுக்கே அப்பெயர் உரியது. இதற்குத் தாய் 'கோஸ்தா' என்னும் இலத்தீன் சொல். உடலின் பக்கத்தைக் குறித்த அச்சொல், பின்னர் நிலத்தின் பக்கமாகிய கடலோரத்துக்கும் ஆகி, ஆங்கிலத்திற் கரையைச் சுட்டும் 'கோஸ்ட்' ஆயிற்று. கட்லட்டும் கடற்கரையும் ஒருதாய் மக்கள் என்றால் யார்தாம் நம்புவர்!

மிலான் நகரத்தார் இன்றும் கன்றின் விலாவை எலும்போடு பாண்தூளிற் புரட்டி வெண்ணெயிற் பொரிக்கின்றனர். ருஷியாவிலோ 'கத்லேத்தா' என்றால் பெரும்பாலும் கொத்திய இறைச்சியைத் தட்டிப் பொரித்தது, எலும்பு போயிற்று. யப்பானியர் 'கட்சுரெட்சு' என்று கடன்வாங்கி, 'கட்சு' எனச் சுருக்கிக்கொண்டனர். அவர்கள் மொழியில் வெல்லுதலுக்கும் 'கட்சு' என்றே பெயர். ஆதலால் பரீட்சைக்கு முதல்நாள் மாணவர் அதனை விரும்பி உண்பர். நம் பிள்ளைகள் திருநீறு பூசிச் செல்வதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவிலும் இங்கும் இறைச்சியும் விடைபெற்று, பீற்றூட்டும் கரட்டும் புகுந்த மரக்கறிக் கட்லட் தோன்றியது. விலாவில்லாத காய்கறிக்கு விலாவின் பெயரா என நகைப்போர் உளர். அவர்களோடு நாம் உடன்படோம். எள்ளின் நெய்யே எண்ணெய். ஆயினும் தேங்காய் எண்ணெய் என்று நாம் கூசாமற் சொல்லவில்லையா? எள்ளுக்கு ஒரு நீதி, எலும்புக்கு ஒரு நீதியா?

ஆனால், இங்கிலாந்துக்குப் பயணஞ் செய்யும் சைவ அன்பர்கள் அங்குள்ள உணவுச்சாலையில் அடைமொழி எதுவுமின்றிக் கட்லட் கேட்டுவிட வேண்டாம். தட்டில் வருவது பெரும்பாலும் ஆட்டுக்குட்டியின் விலாவாகவே இருக்கும், எலும்போடு.