கம்ப்யூட்டரும் மஞ்சள் பை அட்டையும்



கொடைக்கானலில் பஸ் ஏறி பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று ஒவ்வொரு ஊராய்த் தாண்டி, "இனிமே ரோடு இல்லைம்மா, இறங்குங்க" என்று கண்டக்டர் சொல்கிற இடம்தான் எங்கள் கிளாவரை. அதற்கப்புறம் காடு. காட்டுக்கு அந்தப் பக்கம் கேரளம்.

போன தடவை மலைப்பூண்டுத் தொக்கு பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை சமையல் இல்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லப் போகிறேன். பிள்ளை பெறப்போகும் பெண் உள்ள வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும்.

என் மூத்த மகளை மலைக்குக் கீழே கட்டிக் கொடுத்திருக்கிறோம். போன வருஷம் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தேன். எங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியர் தங்கமான பெண். மழையோ பனியோ, சொன்ன நாளில் வந்துவிடுவார். எட்டாம் மாதம் பிரஷர் பார்த்தபோது 140/90. அடுத்த வாரம் 146/94. சிறுநீரிலும் ஆல்புமின் இருந்தது. "அக்கா, தள்ளிப் போடாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப் போட்டது நான்தான்! பூண்டு எடுப்பு நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாளில் முடிந்துவிடும், அப்புறம் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி மகள் எழுப்பினாள். "அம்மா, தலை வெடிக்குதும்மா. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்கு." விளக்கைப் போட்டுப் பார்த்தால் முகம் அதைத்துக் கிடக்கிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடிப்போய் 108-க்குப் பேசினார். பக்கத்து வீட்டு ஜீப்பில் கிளம்பி, எதிரே வந்த ஆம்புலன்ஸில் பாதி வழியில் மாற்றி ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் மகளின் பதிவு எண்ணைக் கேட்டார்கள். சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தவர், "பிரஷர் 120/80-னு இருக்கே. இப்பத்தான் ஏறியிருக்கு போல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! அது மூன்று வாரத்துக்கு முந்தைய கணக்கு. மஞ்சள் பையிலிருந்து அட்டையை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினேன். பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. "பத்து நாளா ஏறிக்கிட்டு இருக்கு, ஆல்புமின் வேற!" என்றவர், வலிப்பு வராமல் இருக்க உடனே ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். மறுநாள் ஆபரேஷன். பேத்தி பிறந்தாள், 2 கிலோ 100 கிராம். இப்போது குப்புற விழுந்து வீட்டையே கலக்குகிறாள்.

ஊர் திரும்பியதும் செவிலியரிடம் கேட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. "நோட்டுல அன்னிக்கே எழுதிட்டேன்க்கா. போன்ல ஏத்த சிக்னல் வேணுமே? ரெண்டு வாரமா மழை. எழுதினதையே மறுபடி ஏத்த ராத்திரிதான் நேரம் கிடைக்குது" என்றார். அவரை எப்படிக் குறை சொல்வது?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்களுக்கு ஏட்டில் எழுதியதுதான் உதவியது. பெட்டிச் சுரைக்காய்தான் உதவவில்லை!

அதற்காகக் கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொல்வேனா? மாட்டேன். மகளுக்குப் போட்ட ஊசி அரசு ஆஸ்பத்திரியில் கையிருப்பில் இருந்ததே, அதற்குப் பின்னாலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை அரசு தொடங்கியது. மாவட்டந்தோறும் மருந்துக் கிடங்கு வைத்து, எந்த மருந்து எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்தார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். நம் ரேஷன் கார்டு மாதிரிதான்! வாங்குகிற மருந்துக்குத் தக்கபடி ஒதுக்கிய தொகையில் கழிப்பார்கள். வேறு மாநிலங்களும் இதைப் பார்த்துச் செய்தன. பிறகு 2005-ல் உலக வங்கிக் கடனோடு வந்த திட்டத்தில் ஆஸ்பத்திரிகளுக்குக் கம்ப்யூட்டர் பதிவு வந்தது. கர்ப்பிணிகளுக்கு 'பிக்மி' என்ற பதிவு இருக்கிறது. அதில் கிடைக்கும் 12 இலக்க எண் இருந்ததால்தான் பேத்தியின் பிறப்புச் சான்றிதழ் சிக்கல் இல்லாமல் கைக்கு வந்தது.

ஆனால் பணத்தைக் கொட்டினால் மட்டும் போதாது. இங்கிலாந்தில் 2002-ல் நோயாளிகள் எல்லோருடைய குறிப்பையும் கம்ப்யூட்டர் வலையில் கோர்க்கப் பெரிய திட்டம் போட்டார்களாம். சென்னையில் படிக்கிற என் தம்பி மகன் சொன்னான். மேலே உட்கார்ந்து முடிவு செய்தார்களே தவிர, வார்டில் வேலை பார்க்கிற டாக்டரையும் நர்சையும் சரியாகக் கலந்துகொள்ளவில்லை. 2011-ல் திட்டத்தையே கலைப்பதாக அறிவித்துவிட்டார்கள். செலவு ஏறக்குறைய 1,000 கோடி பவுண்டு! அவ்வளவு பெரிய நாட்டுக்கே அந்தக் கதி.

புது மிக்ஸி வாங்குகிறோம். வீட்டில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா, கரண்ட் நிற்குமா என்று முதலில் பார்க்கிறோம் இல்லையா? அதே கணக்குத்தான். சிக்னல் இல்லாத ஊரில் எழுதியதைப் போன் தானே சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுத வைக்கக்கூடாது. இதற்குச் செலவழித்தால் அது வீண்செலவே ஆகாது.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை:

* கர்ப்பம் உறுதியானதுமே பதிவு செய்யுங்கள். அந்த 12 இலக்க எண்ணை அட்டையிலும் வீட்டுக் காலண்டரிலும் எழுதி வையுங்கள்.

* ஒவ்வொரு பரிசோதனையிலும் பிரஷர், எடை, ரத்த அளவு, சிறுநீர்ப் பரிசோதனை முடிவு எல்லாம் தேதியோடு அட்டையில் ஏறியதா என்று பாருங்கள். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

* "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சா சிஸ்டர்?" என்று அடுத்த தடவை தவறாமல் கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

* பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் போனால் அன்றைக்கே டாக்டர். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. 108-க்குப் பேசுங்கள். சாதாரணச் சந்தேகத்துக்கு 104 இருக்கிறது.

* ராத்திரியில் யார் வீட்டு வண்டி கிடைக்கும், எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. கிராம சபைக் கூட்டத்துக்கு நாங்கள் பெண்கள் பத்துப் பேர் போனோம். ரோடு, தண்ணீர் என்று ஆண்கள் பேசி முடித்ததும் நான் எழுந்து, "எங்க நர்சம்மா நிக்கிற இடத்துல சிக்னல் கிடைக்கணும்" என்று கேட்டேன். கால் நடுங்கியதுதான். ஆனாலும் தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள். நீங்களும் உங்கள் ஊரில் கேளுங்களேன்!

அந்த அட்டையை நான் தூக்கிப் போடவில்லை. பேத்தியின் தடுப்பூசி அட்டையோடு அதே மஞ்சள் பையில் பத்திரமாய் இருக்கிறது.