பிரெஞ்சின் முதற்பாடமும் நம் தமிழ் இலக்கணமும்



தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பிரெஞ்சு மொழி எதற்கு? இக்கேள்வி எழுவது இயல்பே. சுவா பெத்தோங், லின்சம், ஜெராம் பாடாங் என்னும் நம் நெகிரி செம்பிலான் தோட்டப் பெயர்களோடு பாரிசு நகரையும் சேர்த்துச் சொன்னால் சிரிப்பவரும் உண்டு. ஆனால், நம் நாட்டின் முழு விடுதிப் பள்ளிகள் சிலவற்றில் பிரெஞ்சு கற்பிக்கப்படுகிறது. எசு.பி.எம். தேர்விலும் அது ஒரு பாடமாக உள்ளது. தோட்டங்களிலிருந்து அத்தகைய பள்ளிகளுக்குத் தேர்வாகிச் செல்லும் பிள்ளைகளும் இருக்கின்றனர்.

அவர்களுள் சிலர் விடுமுறையில் வரும்போது தங்கள் பிரெஞ்சுப் பாட ஏட்டை என்னிடம் காட்டுவதுண்டு. எல்லாரும் சொல்வது ஒன்றே: “ஆங்கிலம் நன்றாகப் பேசும் பட்டணத்துப் பிள்ளைகளுக்குத்தான் ஐயா இது எளிது. தமிழ்ப்பள்ளியிலிருந்து போன எங்களுக்குக் கடினம்.”

இக்கருத்தை நான் மறுக்கிறேன். பிரெஞ்சின் தொடக்கப் பாடங்களைப் பொறுத்தமட்டில், தமிழ் இலக்கணம் ஒழுங்காகக் கற்ற பிள்ளை, ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளையைவிட ஓரடி முன்னே நிற்கிறது. அதை அப்பிள்ளைக்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை. அக்குறையைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒரு சிறு குறிப்பு. பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் எழுதுவோர் பலர், அம்மொழியின் ஓர் ஒலிக்கு ‘ழ’கரத்தை இடுவர். ‘ஷ’ என்பதைத் தொண்டை அதிரச் சொன்னால் வரும் ஒலி அது. நம் சிறப்பு ழகரம் அன்று. நானும் அவ்வழக்கையே பின்பற்றுகிறேன்.

வணக்கமும் விடைபெறுதலும்

பிரெஞ்சில் முதலில் கற்பது ‘போன்ழூர்’. ‘போன்’ என்றால் நல்ல. ‘ழூர்’ என்றால் நாள். மாலையானால் ‘போன்சுவார்’. ‘செலாமட் பாகி’, ‘செலாமட் பெத்தாங்’ என்று பொழுதுக்கேற்ப வாழ்த்திப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது புதிதன்று.

விடைபெறும்போது சொல்வது ‘ஓ ர்வுவார்’. மீண்டும் காணும் வரை என்பது அதன் பொருள். நாமும் ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றே சொல்கிறோம். திரும்பி வருவதை விடைபெறும் சொல்லிலேயே வைத்துச் சொல்வது இரு மொழிக்கும் பொது. இதை ஒருமுறை விளக்கினால் பிள்ளை அச்சொல்லை மறக்காது.

நீயும் நீங்களும்

அடுத்து வருவது ‘த்யூ’, ‘வூ’ என்னும் இரண்டு முன்னிலைச் சொற்கள். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். ஆகவே ஆங்கிலவழிப் பாடநூல்கள் இவ்விரண்டையும் விளக்கப் பக்கங்களைச் செலவிடுகின்றன. நமக்கு ஒரு வரி போதும்: ‘த்யூ’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள்.

இதில் ஓர் அழகும் உண்டு. ‘வூ’ என்பது பலரைக் குறிக்கும்; மதிப்பிற்குரிய ஒருவரையும் குறிக்கும். நம் ‘நீங்கள்’ செய்வதும் இதே வேலைதான். எவரிடம் எதைச் சொல்வது என்னும் உணர்வு நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வருமுன்னரே வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ‘வாங்க’ என்பதும், தம்பியிடம் ‘வா’ என்பதும் பாடநூல் பார்த்துக் கற்றவை அல்ல.

தன்னை அறிமுகப்படுத்தல்

‘என் பெயர் கவிதா’ என்பதைப் பிரெஞ்சில் ‘ழ மப்பேல் கவிதா’ என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ‘நான் என்னைக் கவிதா என்று அழைத்துக்கொள்கிறேன்’ என்றாகும். செயல் செய்தவரிடமே திரும்பி வருவதைக் காட்ட நம்மிடம் ‘கொள்’ என்னும் துணைவினை இருக்கிறது. ‘பார்த்துக்கொண்டான்’, ‘வைத்துக்கொண்டாள்’ என்று நாள்தோறும் பேசும் பிள்ளைக்கு, பிரெஞ்சின் இவ்வகை வினைகள் அச்சமூட்ட வேண்டியதில்லை.

வயதைச் சொல்லும்போது ‘நான் பத்தாக இருக்கிறேன்’ என்று சொல்வது ஆங்கில மரபு. பிரெஞ்சிலோ ‘ழே தீஸ் ஆன்’. அதாவது, பத்து ஆண்டுகள் என்னிடம் உள்ளன. நாம் ‘எனக்குப் பத்து வயது’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். வயது ஒருவருக்கு உரியது என்னும் பார்வையில் தமிழும் பிரெஞ்சும் ஒரே பக்கம் நிற்கின்றன. ஆங்கிலத்தின் வழியே போகும் மாணவர்தாம் இவ்விடத்தில் தவறான வினையை இடுவர்.

வினைமுற்று

பிரெஞ்சு தொடங்குவோர் பெரிதும் அஞ்சுவது வினைமுற்றுப் பட்டியலை. பேசுதல் என்னும் வினையைப் பாருங்கள்:

ழ பார்ல் – நான் பேசுகிறேன்
த்யூ பார்ல் – நீ பேசுகிறாய்
இல் பார்ல் – அவன் பேசுகிறான்
நூ பார்லோன் – நாங்கள் பேசுகிறோம்
வூ பார்லே – நீங்கள் பேசுகிறீர்கள்
இல் பார்ல் – அவர்கள் பேசுகிறார்கள்

தன்மை, முன்னிலை, படர்க்கை. ஒவ்வொன்றிலும் ஒருமை, பன்மை. ஆக 6 கட்டங்கள். மலாயில் வினை எவ்விடத்திலும் மாறாது. ஆங்கிலத்திலும் நிகழ்கால வினை பெரும்பாலும் ஓரிடத்தில்தான் மாறும். இக்கட்டங்களைத் தொடக்கப்பள்ளியிலேயே நிரப்பிப் பழகியது தமிழ்ப்பள்ளிப் பிள்ளை மட்டுமே.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். மேலே உள்ள ஆறில் நான்கு, எழுத்தில் வேறுபட்டாலும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. அதனால் பிரெஞ்சில் எழுவாயை விட முடியாது. தமிழிலோ ‘வந்தேன்’ என்றாலே வந்தவர் யார் என்று விளங்கிவிடும். எழுவாய் தோன்றாமலே இருக்கலாம். விகுதி தெளிவாக ஒலித்தால் எழுவாய் மறையலாம். விகுதி மழுங்கினால் எழுவாய் கட்டாயமாகும். இந்தக் காரணத்தைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் மனப்பாடச் சுமை பாதி குறையும்.

புணர்ச்சி

பிரெஞ்சுச் சொற்களின் இறுதி மெய் பெரும்பாலும் ஒலிக்காது. ‘வூ’ என்னும் சொல்லின் இறுதியில் எழுதப்படும் மெய்யும் அப்படித்தான் ஊமையாய் இருக்கும். ஆனால், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அம்மெய் விழித்துக்கொள்ளும். ‘வூ’, ‘ஆவே’ இரண்டும் சேர்ந்து ‘வூஸாவே’ ஆகும். நிலைமொழி ஈற்று மெய்யின்மேல் வருமொழி முதல் உயிர் ஏறுவதை நாம் படித்திருக்கிறோம் அல்லவா?

இன்னொன்று. நான் என்னும் பொருள்படும் ‘ழ’, உயிருக்குமுன் தன் இறுதி உயிரை இழக்கும்; ‘ழ’, ‘ஏ’ இரண்டும் சேர்ந்து ‘ழே’ ஆகும். ‘நாடு’, ‘இல்லை’ இரண்டும் சேர்ந்து ‘நாடில்லை’ ஆகும்போது குற்றியலுகரம் கெடுவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். புணர்ச்சி இலக்கணம் தேர்வோடு முடிந்துவிடும் பழஞ்சரக்கு என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

தமிழ் உதவாத இடங்கள்

எல்லாவற்றிற்கும் தமிழ் போதும் என்று நான் சொல்லவில்லை. பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். உயிரற்ற பொருளையெல்லாம் அஃறிணையில் அடக்கிவிட்ட நமக்கு இது பெரும் இடர். ஒவ்வொரு பெயரையும் அதன் பாலோடு சேர்த்தே மனத்தில் பதிக்க வேண்டும், வேறு வழியில்லை. ‘நான் மாணவன்’ என்று வினையே இல்லாமல் முடிக்கும் நம் பழக்கமும் அங்குச் செல்லாது. இடையில் ‘சுயி’ என்னும் வினை வந்தே தீர வேண்டும்.

சொற்களைப் பொறுத்தவரை ஆங்கிலமே துணை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்தில் புகுந்தன. ஆகவே அமைப்பிற்குத் தமிழையும் சொல்லுக்கு ஆங்கிலத்தையும் துணைக்கொள்வதே அறிவுடைமை.

எழுத்திலும் எச்சரிக்கை தேவை. மீனுக்கும் பானத்திற்கும் உரிய பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘புவாசோன்’ என்றே வரும். ஒன்றில் வல்லொலிப் பகரம். மற்றொன்றில் மெல்ல அதிரும் பகரம். தமிழ் எழுத்து இவ்வேறுபாட்டைக் காட்டாது. எனவே முதல் வாரத்திற்குப் பின்னர்த் தமிழெழுத்துக் குறிப்புகளை ஒதுக்கிவிட்டு, ஒலிப்பதிவைக் கேட்டே பழக வேண்டும்.

நமக்கும் பிரெஞ்சுக்கும் உள்ள உறவு

தமிழருக்குப் பிரெஞ்சு அயலார் வீட்டுச் சரக்கு அன்று. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பு இன்று வரலாற்றுச் சான்றாக விளங்குகிறது. அந்நகரம் 1954இல் இந்தியாவின் ஆட்சிக்கு மாறியது. 1962இல் சட்டப்படி இணைந்தது. நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறியதுபோலவே வேறு தமிழர் ரீயூனியனுக்கும், 1853 முதல் மார்த்தினிக்குக்கும் ஒப்பந்தக் கூலிகளாய்ப் போயினர். அவர்தம் வழிவந்தோர் இன்று பிரெஞ்சு பேசுகின்றனர். 1983க்குப் பின்னர் ஈழத்தமிழர் பல்லாயிரவர் பிரான்சில் குடியேறினர்; பாரிசின் லா சப்பேல் பகுதியில் தமிழ்க் கடைத்தெருவே இருக்கிறது.

நம் தோட்டங்களைப் பற்றியும் பிரெஞ்சில் எழுதியிருக்கிறார்கள். 1905இல் மலாயா வந்து சிலாங்கூரில் ரப்பர்த் தோட்டம் அமைத்த ஆன்றி ஃபோக்கொனியே, ‘மலேசி’ என்னும் புதினத்திற்காக 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றார். அடுத்து, 1936இல் இங்கு ரப்பர்த் தோட்டப் பணிக்கு வந்தவர் பியர் பூல். பின்னாளில் சயாம் மரண இரயில்பாதையை வைத்து 1952இல் இவர் வெளியிட்ட புதினம் உலகப்புகழ் பெற்றது. ஆனால், அக்கதையின் நடுவே நிற்பவர்கள் பிரிட்டிசுப் போர்க்கைதிகள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு அங்கே மாண்ட தமிழர் பல்லாயிரவர். அந்நூல்களை மூலமொழியிலேயே படித்து, எங்கள் பாட்டன்மார் இதில் எங்கே என்று கேட்கும் ஒருவர் நம் தோட்டத்துப் பிள்ளைகளுள் உருவாகக் கூடாதா?

முதற்பாடம் எதைக் கற்பிக்கிறது?

இலங்கைத் தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் கற்பதற்காக, கொழும்பில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு கையேடு வெளிவந்தது. அதன் பெயரே ‘இங்கே வா’. சின்னத் துரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைத்தலைப்பு. ஏவல் ஒருமையே நூலுக்குப் பெயராகிவிட்டது. நம்மவரோடு பேச இம்மொழியைக் கற்றவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது ‘வணக்கம்’ அன்று, ‘வா’ என்பதே.

இன்று தொடக்கநிலைப் பிரெஞ்சுப் பாடம் வாழ்த்தில் தொடங்குகிறது. எதிரில் நிற்பவரின் பெயரையும் நலத்தையும் கேட்கச் சொல்கிறது. அறியாதவரை ‘வூ’ என்று விளிக்கச் சொல்கிறது. பிரெஞ்சுக்காரர் மட்டும் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. தம் குடியேற்ற நாடுகளில் அவர்களும் மண்ணின் மக்களைத் ‘த்யூ’ என்றே அழைத்தனர். ஆனால், ஒரு மொழியின் முதற்பாடம் மனிதரை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். ஏவலை மட்டுமே கேட்ட தலைமுறைகளின் வழிவந்தவர்கள் அவர்கள்.

நான் வேண்டுவது

தமிழ்ப்பள்ளிக் கால அட்டவணையில் பிரெஞ்சைச் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூன்று மொழிகளைக் கற்கும் பிள்ளைக்கு அதுவே போதுமான வேலை. பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்குப் பிரெஞ்சு வகுப்புக்குப் போய் வருவதும் எல்லாராலும் இயலாது.

ஆசிரியப் பெருமக்களே, மூவிடமும் புணர்ச்சியும் நடத்தும் நாளில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, இதே அமைப்பு உலகின் பிற மொழிகளிலும் இருக்கிறது என்று காட்டுங்கள். இடைநிலைப்பள்ளியில் பிரெஞ்சு எடுக்கும் நம் பழைய மாணவர்களுக்கு, தொடக்கப் பாடங்களைத் தமிழில் விளக்கும் சிறு குறிப்பேடு ஒன்றை உருவாக்கித் தருவோம். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு விடுமுறையில் முடிந்துவிடும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து மக்கள் பட்டணத்திற்குப் பெயர்ந்தனர். நம் பள்ளிகளுள் பல 150 மாணவர்கூட இல்லாத குறைந்த மாணவர் பள்ளிகளாயின. எஞ்சியிருக்கும் பிள்ளைகளையும் வேறு பள்ளிக்கு மாற்ற எண்ணுவோர், தமிழ் பிற மொழிகளைக் கற்கத் தடையாகும் என்று காரணம் சொல்கின்றனர். மேலே காட்டிய ஆறு வினைமுற்றுகளையும் இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். வலப்பக்கத்தை மூடிவிட்டு, இடப்பக்கத்தை மட்டும் காட்டிக் கேளுங்கள். தடையா துணையா என்பதை அப்பிள்ளையின் விடையே சொல்லும்.