வேலியே பயிரை மேயும்போது

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் பெரியப்பாவின் காலில் செம்பனை முள் ஏறியது. ஊசியால் கிளறி எடுத்து, மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு, மறுநாளும் தண்ணீர் தேங்கிய நிலத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போனார். நான்காம் நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். பெரியம்மா பெனடோல் கொடுத்துப் படுக்க வைத்தார். விடிந்தபோது பேச்சு குழறியது. என்னை என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதன் பிறகுதான் காரில் ஏற்றினோம்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியாக எப்போது சிறுநீர் போனார்?" எங்களில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது: "இனிப்பு நீர் இருக்கிறதா?" இருக்கிறது, பதினைந்து ஆண்டுகளாக. "செப்சிஸ் போலத் தெரிகிறது" என்று சொல்லி, ரத்தம் எடுத்த கையோடு ஆண்டிபயாட்டிக் ஏற்றச் சொன்னார்.

தோட்டத்தில் இதை 'ரத்தம் கெட்டுப்போச்சு' என்பார்கள். ரத்தத்தில் கிருமி பரவுவதுதான் செப்சிஸ் என்று நானும் நினைத்திருந்தேன். 2016இல் மருத்துவ நிபுணர்கள் வகுத்த விளக்கம் வேறு. தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடலின் தற்காப்பே நிலைதவறி, சொந்த உறுப்புகளை உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குக் கெடுப்பதுதான் செப்சிஸ். வேலியே பயிரை மேய்வது என்பது இதுதான்.

முள் குத்திய இடம் சிவந்து வீங்குவது ஏன்? அங்குள்ள வெள்ளணுக்கள் ரசாயனச் செய்தி அனுப்பி, ரத்தக் குழாய்களை விரிய வைத்து, துணைக்கு ஆள் கூப்பிடுகின்றன. அந்த இடத்தோடு நின்றால் நன்மைதான். செப்சிஸில் அதுவே உடம்பு முழுக்க நடக்கிறது. குழாய்கள் கசிந்து ரத்த அழுத்தம் இறங்குகிறது. நுண்குழாய்களில் ரத்தம் உறைகிறது. சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் போதிய ரத்தம் போவதில்லை. சிறுநீர் குறைவதும் பேச்சு குழறுவதும் அதனால்தான்.

இன்னொரு பக்கம், தற்காப்பு அணுக்கள் சோர்ந்து, கூட்டமாக மடிகின்றன. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செப்சிஸால் இறந்தவர்களின் மண்ணீரலையும் நுரையீரலையும் இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த அணுக்களைத் தூண்டிப் பார்த்தபோது, அவை அனுப்ப வேண்டிய செய்தி மிகக் குறைவாகவே வந்ததாக 2011இல் எழுதினார்கள். ஆகவே பொங்கும் தற்காப்பை அடக்குவதா, ஓய்ந்ததை எழுப்புவதா என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். எல்லாருக்கும் ஒரே மருந்து கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரியப்பாவின் ரத்தத்தில் வளர்ந்தது மெலியோய்டோசிஸ் கிருமி. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. 1911இல் ரங்கூனில் டாக்டர் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் கண்டறிந்தது. 1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து ஆய்வுக்கூட விலங்குகளிடமே நோயாகத் தலைகாட்டியது. 1992இல் மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புதுச்சேரியின் குழு, இக்கிருமி ரத்தத்தில் பரவிய 50 நோயாளிகளைப் பற்றி எழுதியது. அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த நோய்களில் முதலிடம் இனிப்பு நீருக்கு. நம் தோட்டங்களில் இனிப்பு நீர் இல்லாத வீடு எத்தனை?

பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஷீலா நாதனின் குழு, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவுக்கு இந்தக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தது. புழுவின் தற்காப்பு மரபணுக்களை இயக்கும் ஒரு புரதத்தையே கிருமி சிதைத்துவிடுகிறது என்று 2013இல் வெளியிட்டது. காவலுக்கு ஆள் கூப்பிடும் மணியையே கழற்றிவிடும் திருடன் அது.

பெரியப்பா பிழைத்தார். ஆனால் வீடு திரும்பிய பிறகும் மூன்று மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்கள். ஐந்தாவது வாரமே, "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தப் பார்த்தார். மறைந்திருக்கும் கிருமி திரும்பக் கிளம்பும் என்று பெரியம்மா விடவில்லை. சோற்றுத் தட்டோடு மாத்திரையையும் வைத்தார்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் ஈர மண்ணில் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். காயத்தை மூடிக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு நடுக்கம், குழப்பமான பேச்சு, மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவு என்று எது சேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டாக்டரிடம், "இது செப்சிஸாக இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். அந்த இரவு நாங்கள் காத்திருந்தோம். பிழைத்தது அவர் அதிர்ஷ்டம்.