மேக்ரோவா, ஜெனரிக்ஸா?

செகண்ட் செமஸ்டர் சி பேப்பருக்குப் படிச்ச எல்லாரும் இந்தக் கேள்வியப் பார்த்திருப்போம். ஸ்கொயர்(எக்ஸ்) என்ற மேக்ரோவை எக்ஸ்*எக்ஸ் என்று டிஃபைன் பண்ணியிருக்கு. ஸ்கொயர்(3+1) போட்டா அவுட்புட் என்ன? 16 என்று எழுதினா மார்க் போச்சு. 3+1*3+1 என்று விரியும், விடை 7.

"அடைப்புக்குறி போடணும்" என்று மனப்பாடம் பண்ணிட்டு அடுத்த யூனிட்டுக்குப் போயிடறோம். அடைப்புக்குறி போட்டாலும் ஸ்கொயர்(ஐ++) என்று கொடுத்துப் பாருங்க. ஐ++ இரண்டு இடத்தில் வந்து உட்காரும். சி ஸ்டாண்டர்டுபடி அதுக்கு நிச்சயமான விடையே கிடையாது. அப்புறம் ஜாவாவில் ஜெனரிக்ஸ் வருது, அதுக்கும் ஒரு டெஃபினிஷன் படிக்கிறோம். ஆனா எந்த வேலைக்கு எதை எடுக்கணும்னு யாரும் நம்மைக் கேட்கிறதில்லை. அந்தக் கேள்விதான் முக்கியம்.

என் கட்சி இதுதான்: ஜெனரிக்ஸால் முடியிற வேலைக்கு மேக்ரோவைத் தொடக்கூடாது.

ப்ரீப்ராசஸருக்கு இன்ட், ஃப்ளோட் எதுவும் தெரியாது. எழுத்தை எடுத்து ஒட்டும், அவ்வளவுதான். ஜெனரிக்ஸில் டைப் கம்பைலருக்குத் தெரியும். பொருந்தாததைக் கொடுத்தா அங்கேயே நிறுத்திடும். நம்ம விருத்தாசலம் செராமிக் வேலையில் இருக்கறவங்களுக்கு இது புதுசில்ல. அச்சில் ஊத்தி எடுத்த பொம்மை காயும்போது விரிசல் விட்டா, தண்ணியில கரைச்சு மறுபடி கலவையாக்கிடலாம். சூளையில் வெந்த பிறகு விரிசல் தெரிஞ்சா அது திரும்ப மண்ணாகாது, கழிவுதான். தப்பு எவ்வளவு சீக்கிரம் தெரியுதோ அவ்வளவு மலிவு.

பெரிய ஆளுங்களும் இதில் மாட்டியிருக்காங்க. சி-யில் டெம்ப்ளேட் கிடையாது என்பதால் லினக்ஸ் கெர்னலில் மின், மேக்ஸ் இரண்டும் மேக்ரோக்கள். டைப் சரிபார்க்க அவற்றுக்குள் நிறைய வித்தை சேர்த்தார்கள். 2024-இல் பார்த்தால், ஒன்றுக்குள் ஒன்றாக இவற்றைப் போட்ட ஒரே ஒரு வரி, ப்ரீப்ராசஸர் விரித்த பிறகு 47 எம்பி ஆகியிருந்தது! கம்பைல் நேரம் இழுத்ததால் அந்த மேக்ரோக்களை எளிமையாக்க வேண்டியதாச்சு. இன்னொரு பக்கம், 2009-இல் ஜெனரிக்ஸ் இல்லாமல் வெளிவந்த கோ மொழி, 2022 மார்ச்சில் 1.18 பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டது.

அப்போ மேக்ரோவே வேண்டாமா? அப்படியில்லை. அசர்ட் தோற்றால் ஃபைல் பெயர், வரி எண், எழுதின கண்டிஷன் மூன்றையும் காட்டுதே, அது மேக்ரோ. விண்டோஸுக்கு ஒரு கோடு, லினக்ஸுக்கு ஒரு கோடு என்று பிரிக்கவும் சி-யில் ப்ரீப்ராசஸர்தான். ரஸ்ட்டில் ஜெனரிக்ஸ் இருந்தும் பிரிண்ட்எல்என் மேக்ரோவாகவே இருக்கு. ஜெனரிக்ஸும் இலவசமில்லை: சி++ டெம்ப்ளேட்டில் ஒரு சின்னத் தப்புக்குத் திரை முழுக்க எரர் வரும், ஜாவாவில் லிஸ்டுக்குள் நேரா இன்ட் போட முடியாது.

ஆனாலும் நீளமான எரர் மெசேஜ் கம்பைல் பண்ணும்போது வருது. தப்பான விடை டெமோ அன்னிக்கு வருது. எனக்கு முதலாவது போதும்.

அடுத்த மினி புராஜெக்ட்டில் மேக்ரோ எழுதப் போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கங்க: வேலை ஒன்னு, டைப் மட்டும்தான் மாறுதா? ஆமான்னா ஜெனரிக்ஸ். கோடோட எழுத்தே உங்களுக்கு வேணுமா? அப்போ மேக்ரோ. இரண்டும் இல்லைன்னா, சாதாரண ஃபங்ஷனே போதும்.