ஃபிளாஷை முகத்துல அடிக்காதீங்க

கல்ச்சுரல்ஸ் தேதி அறிவிச்ச அடுத்த நிமிஷமே ஃபோட்டோகிராஃபி கிளப் வாட்ஸப் குரூப்பில் அந்தக் கேள்வி வந்துடும்: "உள்ள எடுக்கணும், எந்த ஃபிளாஷ் வாங்கலாம்?" பதில்களும் வருஷா வருஷம் அதேதான். பவர் அதிகமா இருக்கிறதை வாங்குன்னு ஒருத்தர் சொல்வார். டிடிஎல் இல்லாம வாங்கவே வாங்காதேன்னு இன்னொருத்தர். மூணாவது ஆள், ஃபிளாஷே வேண்டாம், ஐஎஸ்ஓவை ஏத்திக்கோன்னு முடிச்சிடுவார். எனக்கு மூணு பேரோடயும் ஒத்துப்போகல. முதல்ல பார்க்க வேண்டியது ஃபிளாஷோட தலை. அது மேலே நிமிருமா, பக்கவாட்டில் திரும்புமா? திரும்பாதுன்னா எவ்வளவு மலிவா கிடைச்சாலும் அது வேண்டாம்.

எங்க ஊர் ஆனைக்குட்டம். அர்ச்சுனா நதியில் அணை இருக்கிற ஊர். அங்கே ஷட்டர்னு சொன்னா யாருக்கும் கேமரா ஞாபகம் வராது, அணையோட ஷட்டர்தான் ஞாபகம் வரும். சிவகாசி பக்கத்துலயே இருக்கிறதால மருந்து, வெளிச்சம் ரெண்டும் எங்களுக்குப் பழக்கம். ஃபோட்டோ ஃபிளாஷும் ஆரம்பத்தில் எங்க ஊர்ப்பக்கத்துச் சமாச்சாரம் மாதிரிதான் இருந்தது. 1887இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, யோஹானஸ் கேடிக்கே என்ற ரெண்டு பேர் மெக்னீசியம் பவுடரோட பொட்டாசியம் குளோரேட் கலந்து ஃபிளாஷ் பவுடர் செஞ்சாங்க. அந்தக் குளோரேட்தான் இன்னைக்கும் தீக்குச்சி மருந்தில் இருக்கு. அந்தப் புது வெளிச்சத்தை வச்சு நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளைப் படமெடுத்தவர் ஜேக்கப் ரீஸ். படமெடுக்கப்போன வீட்டிலேயே தீப்பிடிக்க வச்ச கதையை அவரே எழுதியிருக்கார். அப்புறம் 1930 வாக்கில் ஃபிளாஷ் பல்பு வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே எம்ஐடியில் ஹெரால்ட் எட்ஜர்டன் மின்சார ஃபிளாஷை வளர்த்தெடுத்தார். இப்போ நம்ம கையில் இருக்கிறது ஒரு கெப்பாசிட்டரும் ஒரு செனான் ட்யூபும்தான்.

ரீஸுக்கு வேற வழியில்லை. தட்டில் பவுடரைக் கொட்டி நேரா கொளுத்தினார். தலை திரும்புற ஃபிளாஷை வச்சிருக்கிற நாமளும் 2020களில் அதையே செய்யணுமா?

நேரா அடிக்கிற வெளிச்சம் என்ன பண்ணும்னு நம்ம ஊர்க் கல்யாணத்துல பார்த்தா தெரியும். நெத்தி வியர்வை கண்ணாடி மாதிரி மின்னும், பட்டுச்சேலை ஜரிகை வெள்ளைக்கோடா வெந்துபோகும், பின்னாடி நிக்கிற சொந்தக்காரங்க எல்லாம் இருட்டுக்குள்ள போயிடுவாங்க. மாநிறமோ கறுப்போ, முகத்தின் நிறம் சாம்பல் பூசின மாதிரி ஆகிடும். அதைச் சரி பண்றேன்னு ஆல்பம் போடுறவங்க முகத்தை இன்னும் வெளுப்பாக்குவாங்க. எங்க அக்கா கல்யாண ஆல்பம் வந்தப்போ எங்க அப்பத்தா முதல் பக்கத்தைப் பார்த்துட்டு, "மாப்பிள்ளை தெரியுது, பக்கத்துல இருக்கிற பிள்ளை யாருடா?"ன்னு கேட்டுச்சு. வீட்டில் எல்லாரும் சிரிச்சாங்க. அக்கா சிரிக்கல. அவ நிறத்தை அவ ஆல்பத்திலேயே காணோம். வெளிச்சம் எங்கிருந்து வருதுங்கிறது டெக்னிக்கல் விஷயம் மட்டும்தான்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வர்றது அதனாலதான்.

தலையை மேலே திருப்பி கூரையில் அடிச்சா, கூரை முழுக்க ஒரு பெரிய விளக்கா மாறிடும். நிழல் மென்மையாகும், வெளிச்சம் பின்வரிசை வரைக்கும் போகும். முகம் முகத்தோட நிறத்துலயே இருக்கும். நேரா மேலே அடிச்சா கண்ணுக்குக் கீழே குழி விழும். அதனால கொஞ்சம் பின்னாடியோ பக்கவாட்டுச் சுவர் பக்கமோ சாய்க்கணும். நிமிர மட்டும் தெரிஞ்ச ஃபிளாஷ் போதாதுன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான். கேமராவைச் செங்குத்தா பிடிச்சா நிமிர்ற தலை பக்கவாட்டுத் தலை ஆகிடும். அப்போ திருப்ப முடியலன்னா கூரையே கிடைக்காது.

பவர் விஷயத்துக்கு வருவோம். பெட்டியில் பெருசா போட்டிருக்கிற கைடு நம்பரை நம்பி ஒப்பிடாதீங்க. கோடாக்ஸ் டிடி600க்கு 60னு போட்டிருப்பான், நிக்கான் எஸ்பி-700க்கு 28னு போட்டிருப்பான். முதல் எண் தலையை 200 மி.மீ. வரைக்கும் ஜூம் பண்ணி அளந்தது, ரெண்டாவது 35 மி.மீ.யில் அளந்தது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பேசுறதே தப்பு. கூரையில் அடிக்கும்போது 200 மி.மீ. ஜூம் நமக்குத் தேவையும் இல்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போம், இன்ஜினியரிங் படிக்கிறோமே. கைடு நம்பரை தூரத்தால் வகுத்தா அபர்ச்சர். கொஞ்சம் அகலமான ஜூமில் 36னு வச்சுக்குவோம். வீட்டு ஹாலில் வெளிச்சம் கூரைக்குப் போய் ஆள்மேல விழ மொத்தம் 6 மீட்டர். 36ஐ 6ஆல் வகுத்தா எஃப்/6. கூரை முக்கால்வாசி வெளிச்சத்தைத் தின்னுடும்னா எஃப்/3. ஐஎஸ்ஓவை 100லிருந்து 400 ஆக்கினா கைடு நம்பர் ரெண்டு மடங்கு, மறுபடி எஃப்/6. நாம எஃப்/4இல் எடுத்தா ஃபிளாஷ் பாதி பவரில் வேலை செஞ்சா போதும். மண்டபத்தில் கூரை உயரம், தூரம் 10 மீட்டர்னு வச்சு இதே கணக்கைப் போடுங்க. ஐஎஸ்ஓ 1600இல் எஃப்/7 வரைக்கும் வருது. நடுத்தர ஃபிளாஷே தாராளம். ஆடிட்டோரியம் மட்டும் வேற கதை. பத்தாவது வரிசையிலிருந்து மேடையைப் பார்த்து அடிச்சா முன்வரிசைத் தலைகள்தான் பளிச்சுன்னு விழும். அங்கே ஃபிளாஷை ஆஃப் பண்ணிடுங்க, ஆடுறவங்க கண்ணுக்கும் நல்லது.

நம்ம பக்கத்துப் பிரச்சினை கூரையின் உயரம் இல்லை, நிறம். வெள்ளைக் கூரைன்னு யூட்யூப்ல சொல்றாங்க. நம்ம வீட்டுச் சுவர் பச்சை, ரோஸ், நீலம். மண்டபத்துல மேலே பந்தல் துணி மஞ்சளும் சிவப்புமா தொங்கும். அதில் அடிச்சா மணப்பொண்ணு முகத்துலயும் அந்த நிறம்தான் விழும். எனக்குக் கைகொடுத்தது ஒரு தெர்மாகோல் அட்டை. அதைப் பிடிக்க ஒரு தம்பி கிடைச்சா போதும். இல்லன்னா வெள்ளை வேட்டி சட்டையில வரிசையா நிக்கிற மாமாக்கள். சிரிக்காதீங்க, தாய்மாமன் சீர் வர்ற நேரத்துல அதைவிட நல்ல ரிஃப்ளெக்டர் கிடைக்காது.

டிடிஎல் வேணுமா? கேமரா ஒரு சின்ன முன்-ஃபிளாஷ் அடிச்சு அளந்து பவரை அதுவே முடிவு பண்றதுதான் டிடிஎல். ஆளோட தூரம் மாறிக்கிட்டே இருந்தா உதவிதான். ஆனா கூரையில் அடிக்கும்போது வெளிச்சம் வர்றது கூரையிலிருந்து. ஆள் ரெண்டு மீட்டர்ல நின்னாலும் நாலு மீட்டர்ல நின்னாலும், நேரா அடிக்கிற மாதிரி அவ்வளவு வித்தியாசம் வராது. மேனுவலில் பாதி, கால்னு வச்சுட்டு ஒரு ஹாலையே முடிச்சிடலாம். அது போக, ஃபிரேம் முழுக்க வெள்ளை வேட்டின்னா டிடிஎல் ஏமாந்து பவரைக் குறைச்சிடும், முகங்கள் இருண்டுபோகும். என் கருத்து: மாணவர் பட்ஜெட்டில் டிடிஎல்லுக்குக் கொடுக்கிற பணத்தை நல்ல நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல் ரெண்டு செட்டுக்கும் ஒரு சார்ஜருக்கும் கொடுங்க. சாதாரண செல் போட்டா தாலி கட்டுற நேரத்துல ஃபிளாஷ் சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்கும்.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி உங்க கேமரா தலையைத் தடவிப் பாருங்க. ஹாட் ஷூ நடுவில் பெருசா ஒரு முனை இருக்கா? எந்த பிராண்டு ஃபிளாஷையும் எரிய வைக்கிறது அந்த முனைதான். கேனான் 200டி 2இல் அது இல்லை. 1500டி, 3000டியிலும் அது இல்லாம வந்தவை இருக்கு. நம்ம காலேஜ்ல பாதிப் பேர் கையில் இருக்கிற கேமராக்கள் இவைதான். அதில் ஒத்தை முனை வச்ச மேனுவல் ஃபிளாஷை மாட்டினா எரியாது. நான் மேலே சொன்ன டிடிஎல் வேண்டாம்ங்கிற வாதம் இவங்களுக்குப் பொருந்தாது. கேனானுக்குன்னே செஞ்ச டிடிஎல் ஃபிளாஷ்தான் வாங்கணும், அதுவும் கடையிலேயே மாட்டி ஒரு தடவை எரியவிட்டுப் பார்த்துட்டு.

மாமா வீட்டுப் பரணில் கிடந்த ஃபிலிம் காலத்து ஃபிளாஷை எடுத்துட்டு வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. பழசுகளில் சிலது ட்ரிக்கர் முனையிலேயே நூறு வோல்ட்டுக்கு மேல தள்ளும், டிஜிட்டல் கேமரா அதைத் தாங்காம போகலாம். மல்ட்டிமீட்டர் லேப்ல இருக்கு, அளந்து பாருங்க. ஈசிஇ மக்களே, அதைக் கழட்டிப் பார்க்கிற ஆசை மட்டும் வேண்டாம். உள்ளே கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் நிக்கும், செல்லைக் கழட்டின பிறகும்.

ஐஎஸ்ஓ ஏத்திக்கோன்னு சொன்ன மூணாவது நண்பருக்கு: கேமராக்கள் இப்போ நல்லாவே இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா மேடையில் ஊதா எல்இடி எரியும்போது முகத்துல விழுறது ஊதா மட்டும்தான். அங்கே தோலோட நிறமே பதிவாகல, ரா ஃபைலில் எடுத்தாலும் இல்லாததை எங்கிருந்து கொண்டுவர்றது? கூரையில் பட்டு வர்ற கொஞ்சம் ஃபிளாஷ் வெளிச்சம் அந்த நிறத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஷட்டரை 1/100இல் வைங்க. கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி செகண்டுக்கு 100 தடவை மினுக்கும், அப்போ பட்டை விழாது. ஹால் விளக்கும் கொஞ்சம் படத்துக்குள்ள வரும்.

கிளப் ரூம் அலமாரியில் மேனுவல் ஃபிளாஷ் ஒண்ணு கிடக்கு, தலை நல்லா திரும்புது. கல்ச்சுரல்ஸ்க்கு முன்னாடி யார் வேணும்னாலும் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போய் மெஸ்ல நாலு பேரை எடுத்துப் பாருங்க. மெஸ் கூரை வெள்ளைதான், நான் பார்த்துட்டேன்.